வாக்குக் கேட்டலும் வாக்குக் காத்தலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் இடைவிடாது கூடி வருவது எளிய செயலன்று. மழை பெய்தாலும் ஆள் குறைந்தாலும் கூட்டம் உண்டு என்று அறிவித்துவிட்டால் கூட்டம் நடந்தாக வேண்டும். அறிவித்ததை நடத்திக் காட்டும் அந்தப் பிடிவாதத்தைத்தான் இன்று நாம் கொண்டாடுகிறோம். அதற்கு இசைந்த பொருள் ஒன்றையே பேச எடுத்துக்கொண்டேன். கல்லூரி மாணவர் பேரவைக்குத் தேர்தலில் நிற்பதும், வென்றபின் அப்பொறுப்பை ஏற்றுப் பணிபுரிவதும் என் பொருள்.

இத்தலைப்பைச் சொன்னவுடன் நண்பர்கள் சிலர் முகம் சுளித்தனர். கவிதையைப் பேச வேண்டிய மன்றத்தில் கல்லூரித் தேர்தலுக்கு என்ன இடம் என்று கேட்டனர். அவர்களிடம் நான் ஒரு வினாவை மட்டும் திருப்பிக் கேட்டேன். உங்களுள் எத்தனை பேர் முதன்முதலாக ஒலிபெருக்கி முன் நின்று கவிதை படித்தது மாணவர் பேரவைத் தொடக்க விழாவின் கவியரங்கத்தில்? கேட்ட ஐவரில் மூவர் சிரித்துக்கொண்டே கை உயர்த்தினர். ஆம் அன்பர்களே, தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பேரவை என்பது தேர்தலோடு முடிந்துபோகும் அமைப்பாக இருந்ததில்லை. கவியரங்கமும் பட்டிமன்றமும் முத்தமிழ் விழாவும் ஆண்டு மலரும் அதன் நிழலில் வளர்ந்தவை. அந்த மேடையில் ஏறியவர்கள் நாம். அந்த மேடையை யார் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள், இன்று அது எந்நிலையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் கடன் நமக்கு உண்டு.

நான் ஓர் அரசு கலைக் கல்லூரியில் தமிழாசிரியனாக இருந்தேன். பல ஆண்டுகள் பேரவையின் ஆசிரிய ஆலோசகனாகவும் இருந்தேன். அந்த அனுபவம் தந்த உரிமையால் சில சொற்கள் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். 'வாக்கு' என்பது அச்சொல். வடமொழி வழியாக வந்ததாயினும் தமிழில் வேரூன்றித் தனக்கெனப் பொருள் விரித்துக்கொண்ட சொல் அது. பேச்சு என்பது அதன் முதற்பொருள். கொடுத்த உறுதிமொழி என்பது அடுத்த பொருள். தேர்தல் காலத்தில் மக்கள் இடும் ஓட்டு என்பது பின்னர் வந்து சேர்ந்த பொருள். 'அவர் வாக்களித்தார்' என்று சொன்னால் ஓட்டுப் போட்டார் என்றும் கொள்ளலாம், உறுதி கூறினார் என்றும் கொள்ளலாம். இது தற்செயலாக நேர்ந்த இரட்டுறல் என்றாலும் பொருளற்றதன்று. தேர்தல் என்பதே இரண்டு வாக்குகளின் பரிமாற்றம். நிற்பவர் ஒரு வாக்குக் கொடுக்கிறார். கேட்பவர் ஒரு வாக்குக் கொடுக்கிறார். இரண்டாம் வாக்கைத் தேர்தலன்றே எண்ணி முடித்துவிடுவோம். முதல் வாக்கை எண்ணுவதற்கு ஓராண்டு வேண்டும். நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான். மாணவர் தலைமையின் பெருமை இரண்டாம் வாக்கைப் பெறுவதில் இல்லை. முதல் வாக்கைக் காப்பதில் இருக்கிறது. அதைக் கற்கும் வாய்ப்பை நம் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிடக் கூடாது.

வள்ளுவப் பெருந்தகை அமைச்சியலை வகுத்த முறையை நீங்கள் அறிவீர்கள். 'அமைச்சு' என்ற அதிகாரத்தை அடுத்துச் 'சொல்வன்மை' வருகிறது. அவ்வியலின் கடைசி அதிகாரம் 'அவையஞ்சாமை'. இவ்விரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று வினையைப் பற்றி மூன்று அதிகாரங்கள். பிறகு தூது, மன்னரைச் சேர்ந்தொழுதல், குறிப்பறிதல், அவையறிதல். சொல்லில் தொடங்கி அவையில் முடியும் அந்தப் பாதை வினையின் வழியாகத்தான் செல்கிறது. மாணவர் பேரவைக்கு ஒரு பாடத்திட்டம் வகுக்க வேண்டுமென்றால் இந்த அதிகார வைப்பைவிடச் சிறந்ததொன்றை நான் அறியேன்.

தேர்தலில் நிற்பதைப் பற்றி முதலில் சொல்கிறேன். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவன் தன் பெயரைத் தானே எழுதி வேட்பு மனுவாகக் கொடுக்கிறான். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் என்று இரு நண்பர்களைத் தேடுகிறான். பின்னர், தான் ஒருநாளும் நுழைந்திராத வகுப்பறை ஒன்றின் வாயிலில் நின்று, 'உள்ளே வரலாமா ஐயா' என்று ஆசிரியரிடம் ஒப்புதல் கேட்கிறான். அறுபது முகங்கள் தன்னை நோக்க, இரண்டு நிமிடத்திற்குள் தான் யார், தன்னால் என்ன முடியும் என்று சொல்ல வேண்டும். விலங்கியல் படிப்பவன் வணிகவியல் மாணவரிடம் போய் நிற்கிறான். விடுதியில் இருப்பவன் நாள்தோறும் ஊரிலிருந்து பேருந்தில் வந்து போகிறவரிடம் அவர்கள் குறை என்ன என்று கேட்கிறான். பயணச்சீட்டு அட்டை வந்து சேரக் காலம் கடப்பதும், கடைசி மணி அடிப்பதற்கு முன்பே நகரப் பேருந்து போய்விடுவதும் அவனுக்கு அன்றுதான் தெரிகின்றன. தன்னைப் போலல்லாதவரின் இன்னலைக் கேட்டறிய ஒரு கட்டாயம் உண்டாகிறதே, அதுவே தேர்தலின் முதற்கல்வி.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. தேநீர்க் கடையில் உட்கார்ந்து போடப்படும் ஓட்டுக் கணக்கு வேறு விதமானது. எந்தத் துறையில் எத்தனை பேர், எந்த ஊர்ப் பக்கத்தில் எத்தனை பேர், எந்தச் சாதியில் எத்தனை பேர் என்று கூட்டிக் கழிப்பது அந்தக் கணக்கு. வகுப்புப் பிரதிநிதிகள் சேர்ந்து தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை இருந்த இடங்களில் அந்தப் பிரதிநிதிகளைத் தம் பக்கம் கட்டிவைக்க விருந்தும் உலாவும் நடந்ததுண்டு. வெளியிலிருந்து பணம் வந்ததுண்டு. தடியும் கல்லும் வந்ததுண்டு. வளாகத்தில் குருதி சிந்திய நாள்களை இங்கே அமர்ந்திருக்கும் மூத்த பேராசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேர்தலே வேண்டாம் என்று சொல்பவர்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை. அவர்களுடைய அச்சத்தை மதித்துத்தான் மேலே பேச வேண்டும்.

அந்த அச்சத்திற்கு விடை தேடும் முயற்சி ஒன்று நாட்டளவில் நடந்தது. கேரளத்துக் கல்லூரிகள் தொடர்பான ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அதன் வழியே, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ அவர்களின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 2006ஆம் ஆண்டு மே மாதம் குழு அறிக்கை தந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதன் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. அவற்றுள் சிலவற்றைச் சொல்கிறேன். இளநிலை மாணவர் 17 முதல் 22 வயதுக்குள் இருந்தால் நிற்கலாம். வருகைப் பதிவு 75 விழுக்காடோ பல்கலைக்கழகம் விதித்த அளவோ இருக்க வேண்டும். தேர்வு நிலுவை இருத்தல் ஆகாது. ஒரு வேட்பாளர் செய்யும் செலவு 5,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. அச்சிட்ட சுவரொட்டி கூடாது. கையால் எழுதியதே வேண்டும். நிருவாகப் பொறுப்புக்கு ஒருவர் ஒருமுறை மட்டுமே நிற்கலாம். செயற்குழு உறுப்பினராக இருமுறை. முடிவு அறிவித்த இரண்டு வாரங்களுக்குள் தணிக்கை செய்த செலவுக் கணக்கைக் கல்லூரியிடம் ஒப்படைக்க வேண்டும். தவறினால் வெற்றி செல்லாது.

இந்தக் கடைசி விதியைப் படித்தபோது என் நினைவு நேரே உத்தரமேரூருக்குச் சென்றது. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. குடவோலை முறையை விரித்துச் சொல்பவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரக் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரவே கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வரக் கூடாது. அந்தச் சபை நிலமுடைய அந்தணர்க்கு மட்டும் உரியதாக இருந்தது. எல்லாருக்குமான மக்களாட்சி என்று அதைப் புகழ்வது வரலாற்றுக்கு இசையாது. ஆயினும் பொறுப்பில் இருந்தவன் கணக்குக் காட்ட வேண்டும் என்ற கருத்து இந்த மண்ணில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதப்பட்டிருக்கிறது. நாம் அதைப் பாடநூலில் இரண்டு மதிப்பெண் வினாவாக வைத்திருக்கிறோம். பேரவை என்பது அதைச் செய்து பார்க்கும் இடம்.

விதிகள் எழுதப்பட்டதனாலேயே எல்லாம் சீராகிவிடவில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் மாணவர் சங்கத் தேர்தல் நடந்தது. சுவரொட்டிகளாலும் வண்ணப் பூச்சாலும் பொது இடங்கள் பாழடைந்ததைக் கண்டு, அவற்றைத் துப்புரவு செய்யும் வரை ஓட்டுகளை எண்ணக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடுத்தது. நவம்பர் மாதத்தில்தான் எண்ணிக்கை நடந்தது. அதே தில்லியிலுள்ள ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வேறொரு மரபு நிலவியது. தேர்தலை நடத்தும் ஆணையத்தை மாணவர்களே தமக்குள் அமைத்துக்கொள்வர். கையால் எழுதிய சுவரொட்டிகளே அங்கு அணிசெய்யும். தலைவர் பதவிக்கு நிற்பவர்கள் ஒரே மேடையில் நின்று, மாணவர் கேட்கும் வினாக்களுக்கு இரவு நெடுநேரம் விடையிறுப்பர். அவர்கள் நடத்தும் தேர்தலும் லிங்டோ விதிகளுக்கு முற்றும் இணங்கவில்லை என்று 2008இல் நீதிமன்றத் தடை வந்தது. 2012இல்தான் மீண்டும் தேர்தல் நடந்தது. விதியைக் காற்றில் விட்ட இடமும் உண்டு; விதி வருவதற்கு முன்பே நல்ல மரபை வளர்த்த இடமும் உண்டு. ஒழுங்கு வெளியிலிருந்து மட்டும் வருவதன்று என்பதற்கு இவை சான்று.

இனி வென்ற பிறகு நடப்பதைப் பார்ப்போம். மாலை விழுகிறது; வெடி வெடிக்கிறது; தோளில் தூக்கிச் சுமக்கிறார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு முதல்வர் அறையின் வெளியே காத்திருக்கும்போதுதான் பதவியின் எடை தெரிகிறது.

ஓர் ஆண்டு தலைவராக வந்த மாணவர் ஒருவரைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். மாலைச் சுற்று வகுப்புகளுக்குக் குடிநீர் கொண்டுவருவேன் என்பது அவர் கொடுத்த வாக்கு. நான்கு மணிக்கெல்லாம் தொட்டி வறண்டுவிடும். புதிய தொட்டி கட்டினால் தீரும் என்று நம்பினார். முதல்வரிடம் மனுக் கொடுத்தார். அரசுக் கல்லூரிக் கட்டடம் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருப்பது என்று அப்போதுதான் அறிந்தார். பொறியாளர் அலுவலகத்துக்குச் சென்றார். மதிப்பீடு தயாரிக்க வேண்டும், நிதி ஒதுக்கீடு வேண்டும், அடுத்த ஆண்டுத் திட்டத்தில் பார்க்கலாம் என்று விடை வந்தது. வேறொருவராயிருந்தால் கதவை மூடி வேலைநிறுத்தம் அறிவித்திருப்பார். அல்லது அரசு தரவில்லை, நான் என்ன செய்ய என்று கைவிரித்திருப்பார். இவர் ஒரு வாரம் மாலைதோறும் தொட்டியடியில் நின்று பார்த்தார். தொட்டி சிறியதன்று. காலையில் ஒருமுறை மட்டும் மோட்டார் ஓடுகிறது. அதை இயக்குபவரின் பணிநேரம் நண்பகலோடு முடிகிறது. இதுதான் காரணம் என்று கண்டார். அவருடைய பணிநேரத்தை மாற்றியமைத்து நண்பகலுக்குப் பின் ஒருமுறை மோட்டார் ஓட முதல்வர் ஆணையிட்டார். ஒரு காசு செலவில்லை. மாலையில் தண்ணீர் வந்தது.

அத்தோடு அவர் நின்றிருந்தால் இந்த மேடையில் நான் சொல்லியிருக்க மாட்டேன். ஆண்டு முடிவில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார். தேர்தலின்போது தான் சொன்னவை ஏழு, முடிந்தவை மூன்று, நடந்துகொண்டிருப்பவை இரண்டு, முடியாதவை இரண்டு, முடியாமைக்குக் காரணம் இது என்று தம் கையெழுத்தில் எழுதி ஒட்டினார். சிலர் எள்ளி நகைத்தனர். தோற்ற கதையை யாராவது பலகையில் எழுதுவார்களா என்று கேட்டனர். ஆனால் அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஒரு மாறுதலைக் கண்டேன். வானத்தை வில்லாய் வளைப்பேன் என்று பேச வந்தவர்களை, பலகையில் எழுதுவாயா என்று மாணவர்கள் கேட்டனர். வாக்குறுதிகள் சுருங்கின, சுருங்கியவை நிறைவேறின. ஒரு தாள் ஒரு கல்லூரியின் பேச்சு மொழியையே திருத்தியதை நான் கண்ணாரக் கண்டேன்.

தலைவருடைய நிலை இடைநிலை. மாணவர் அவரை நிருவாகத்தின் ஆள் என்று ஐயுறுவர். நிருவாகம் அவரைக் கலகக்காரர் என்று ஐயுறும். 'மன்னரைச் சேர்ந்தொழுதல்' என்று ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் ஒதுக்கியதன் அருமை அங்கே விளங்கும். முதல்வரிடம் உரக்கப் பேசிவிட்டு வெளியே வந்து வீரம் பேசுதல் எளிது. உள்ளே பணிந்து பேசிவிட்டு வெளியே மாற்றிச் சொல்லுதல் இன்னும் எளிது. உள்ளே சொன்னதையே வெளியிலும், வெளியில் சொன்னதையே உள்ளேயும் சொல்லுதல்தான் அரிது. அதனினும் அரிது தனக்காக உழைத்த நண்பனுக்கு 'முடியாது' என்று சொல்லுதல். வருகைப் பதிவு குறைந்த தோழன் ஒருவன் பேரவைப் பணி செய்ததாகச் சான்று கேட்பான். விழாவுக்கு ஒலிபெருக்கி வைக்கும் வேலையைத் தன் அண்ணன் கடைக்குத் தரச் சொல்வான். அந்த இடத்தில் தலைவன் என்ன சொல்கிறான் என்பதே அவன் வாங்கும் பட்டத்தைவிட மேலான பட்டம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாணவரும் கட்டும் கட்டணத்தில் பேரவைக்கென்று ஒரு சிறு தொகை உண்டு. அது ஏழைத் தாய் ஒருத்தி முந்தானையில் முடிந்துவைத்த பணம். தொடக்க விழாவின் மாலைக்கும் சால்வைக்கும் அது போகிறதா, நூலகத்துக்கு நாளிதழ் வாங்கப் போகிறதா என்று கேட்க ஒருவர் வேண்டும். அப்படிக் கேட்ட மாணவி ஒருவரை நான் அறிவேன். அவரைத் துணைத் தலைவர் பதவிக்கு நில்லுங்கள் என்றனர். பெண்களுக்கு அதுதான் வழக்கம் என்றனர். அவர் தலைவர் பதவிக்கே நின்றார். சுவரில் கரியால் எழுதினார்கள். அவர் அதையும் கடந்து வகுப்பு வகுப்பாகச் சென்றார். சிறிய வேறுபாட்டில் தோற்றார். தோற்றவர் வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் எழுந்து, இந்த மாதம் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று மட்டும் கேட்டார். சினமில்லை, ஏளனமில்லை, அந்த ஒரே வினா. மூன்றாவது கூட்டத்திலிருந்து பொருளாளர் கேட்பதற்கு முன்பே கணக்கைப் படிக்கத் தொடங்கினார். அந்த ஆண்டின் சிறந்த பேரவைப் பணியாளர் யார் என்று என்னைக் கேட்டால், எந்தப் பதவியும் இல்லாத அந்தப் பெண்ணைத்தான் சொல்வேன். தேர்தலில் தோற்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு என்பதைத் தேர்தல் இல்லாமல் யார் கற்பிக்க முடியும்?

மாணவர் தலைமையைப் புகழ வருவோர் பெரும்பாலும் பெரிய பெயர்களையே அடுக்குவர். இலாலு பிரசாத் 1973இல் பாட்னாப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவர். அருண் ஜெட்லி 1974இல் தில்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவர். சீதாராம் யெச்சூரி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவராக மும்முறை வந்தவர். மூவரும் மூன்று வேறு அரசியலுக்குச் சென்றவர்கள். நம் மாநிலத்தில் 1965ஆம் ஆண்டு மொழிப்போரைக் கல்லூரி மாணவர்களே முன்னின்று நடத்தினர். அப்போராட்டத்தில் உருவான மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் விருதுநகரில் பெருந்தலைவர் காமராசரையே தோற்கடித்தார். அன்று இந்நாட்டில் ஓட்டுரிமை வயது 21. அது 18 ஆனது 1989இல்தான். நாட்டுத் தேர்தலில் ஓட்டுப் போட உரிமையில்லாத பிள்ளைகள் பலர், கல்லூரித் தேர்தலில் ஓட்டுப் போட்டுப் பழகியிருந்தனர். அந்தப் பழக்கத்தின் வலிமையை எண்ணிப் பார்க்கலாம்.

இவை எல்லாம் உண்மை. ஆயினும் பேரவையைத் தலைவர் விளையும் நாற்றங்கால் என்று மட்டும் மதிப்பிடுவது எனக்கு உடன்பாடன்று. நாற்றங்காலில் நின்ற எல்லா நாற்றும் வேறு வயலுக்குப் போவதில்லை. ஓராண்டு வகுப்புப் பிரதிநிதியாகவோ விடுதி உணவுக் குழுவிலோ இருந்துவிட்டுப் பின் அமைதியாக வேலைக்குச் சென்றவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்கள் இன்று பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார்கள். கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருக்கிறார்கள். ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருக்கிறார்கள். கூட்டக் குறிப்பு எழுதத் தெரியும்; மனு எழுதத் தெரியும்; தம்மோடு மாறுபடுபவரை இடைமறிக்காமல் கேட்கத் தெரியும்; பதவிக்காலம் முடிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தெரியும். இந்த நான்கும் தெரிந்தவர்களால்தான் ஊர்கள் நடக்கின்றன. நம் வட்டமும் அப்படித்தான் நடக்கிறது.

இப்போது கவலைக்கு வருகிறேன். இன்று எத்தனையோ கல்லூரிகளில் பேரவை உண்டு, தேர்தல் இல்லை. மதிப்பெண் மிகுந்தவரையோ, குரல் தாழ்ந்தவரையோ, நிருவாகத்துக்கு உகந்தவரையோ தேர்ந்து, தலைவர் என்று அறிவித்துப் பொன்னாடை போர்த்துகிறார்கள். எத்தனையோ தனியார் கல்லூரிகளில் பேரவை என்ற பெயர்கூட இல்லை. லிங்டோ குழுவும், அமைதியான தேர்தலுக்குச் சூழல் இல்லாத இடங்களில் நியமன முறையைக் கொள்ளலாம் என்று இடம் தந்தது உண்மைதான். ஆனால் அது இடைக்கால ஏற்பாடு. ஐந்தாண்டுகளுக்குள் தேர்தல் முறைக்கு மாற வேண்டும் என்றும் அக்குழு சொல்லியது. 2006ஓடு ஐந்தைக் கூட்டினால் 2011. அந்த ஆண்டு கடந்து நெடுங்காலமாயிற்று. இடைக்காலம் என்று சொன்னது எக்காலமும் ஆகிவிட்டது. அதுவும் ஒரு வாக்குத்தான், அதுவும் காக்கப்படவில்லை.

நியமனம் பெற்ற தலைவர் நல்லவராக இருக்கலாம். திறமை மிக்கவராகவும் இருக்கலாம். ஆனால் அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. யாரும் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஆகவே அவரை யாரும் கேட்க முடியாது. தண்ணீர் வரவில்லையென்றால், நீ சொன்னாயே என்று யாரிடம் போய் நிற்பது? கேட்க ஆளில்லாத இடத்தில் குறை மறைவதில்லை. அது சுவருக்குப் போகிறது; கல்லுக்குப் போகிறது; சில வேளைகளில், சொல்ல வாயில்லாமல், ஒரு பிள்ளையின் உயிரோடு போகிறது. வன்முறைக்கு அஞ்சித் தேர்தலை நிறுத்தினோம். பேசும் வழியை அடைத்தால் வன்முறை குறைந்துவிடும் என்று எந்த அனுபவம் நமக்குச் சொன்னது? சாதிக் கணக்குக்கு அஞ்சித் தேர்தலை நிறுத்தினோம். கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில் அந்தக் கணக்கு இன்றும் பிள்ளைகளிடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தேர்தல் இருந்தால், வெல்ல வேண்டுமென்ற தன்னலத்துக்காகவாவது மாற்றார் வாயிலில் போய் ஒருவன் நிற்பான். அந்த ஒரு நிற்றலும் இல்லாத வளாகத்தில் யார் யாரைத் தேடிப் போவார்?

நிறைவாகக் கவிஞர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். தேர்தல் நாள்களில் வேட்பாளர்கள் உங்களைத்தான் தேடி வந்தார்கள். எதுகை மோனையோடு நான்கு வரி எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்தோம். சிங்கம் என்றோம், சூரியன் என்றோம், விடியல் என்றோம். பத்தொன்பது வயதுப் பிள்ளையை விடியல் என்று எழுதிவிட்டால், அவன் எப்படி மோட்டார் ஓடும் நேரத்தைப் பற்றிப் பேசுவான்? மேடைத் தமிழ் அவனுக்குப் பெரிய சொற்களைக் கொடுத்தது. அளவான சொற்களைக் கொடுக்கவில்லை. ஒரு மனுவை இரண்டு பத்தியில் எழுதும் தமிழ், ஒரு கணக்கைக் கூட்டத்தில் படிக்கும் தமிழ், முடியவில்லை என்று நாணமின்றிச் சொல்லும் தமிழ், இவையும் தமிழ்தான். இவற்றை இளையவர்க்குக் கற்பிக்கச் சொல்லின் எடையறிந்த உங்களைவிடத் தகுதியானவர் யார்?

இந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள கல்லூரிகளில் நம் உறுப்பினர்கள் ஆசிரியராக இருக்கிறீர்கள், பெற்றோராக இருக்கிறீர்கள், முன்னாள் மாணவராக இருக்கிறீர்கள். உங்கள் கல்லூரியில் பேரவைத் தேர்தல் நடக்கிறதா என்று கேளுங்கள். நடக்கவில்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். முழுப் பேரவைக்குத் தேர்தல் வைக்க அச்சமாக இருந்தால், வகுப்புப் பிரதிநிதியையாவது மாணவர் தேர்ந்தெடுக்கட்டும் என்று சொல்லுங்கள். ஒரு வகுப்பில் அறுபது சீட்டு, ஒரு பெட்டி, அரை மணி நேரம். எண்ணும்போது பிள்ளைகள் சூழ்ந்து நிற்கட்டும். அங்கிருந்து தொடங்கலாம். உங்களைக் கவியரங்கத்துக்கு அழைக்கும் பேரவைத் தலைவரிடமும் பரிவோடு ஒன்று கேளுங்கள்: 'தம்பி, தேர்தலில் என்ன சொன்னீர்கள்? அதில் எத்தனை முடிந்தது?' பொன்னாடையை வாங்கிக்கொள்வதற்கு முன்பே கேளுங்கள்.

பத்தாண்டுகள் சொன்ன சொல்லைக் காத்து நின்ற இந்த வட்டத்தில் இதைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தது என் பேறு. வட்டம் மேலும் பல ஆண்டுகள் வளர வாழ்த்தி அமைகிறேன்.